மணியோசை நின்ற நாள்களில் மாணவர்

முன்னுரை

ஊரடங்கு என்னும் சொல் தமிழில் ஊர் உறங்கும் நள்ளிரவையும், கலகக் காலத்துத் தடையாணையையும் குறித்து வழங்கி வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆணைக்குப் பின்னர், கொள்ளைநோய்க் காலத்தின் பெயராகவே அது நம் நெஞ்சில் பதிந்துவிட்டது. தமிழகத்துக் கல்லூரிகள் அதற்கு ஒரு வாரம் முன்னரே மூடப்பட்டன. இறுதியாண்டு மாணவர்க்கு அவ்வாண்டு டிசம்பரிலும், ஏனையோர்க்கு 2021 பிப்ரவரியிலும் கதவுகள் திறந்தன. இரண்டாம் அலையில் மீண்டும் மூடப்பட்ட கல்லூரிகள் 2021 செப்டம்பர் முதல் நாளில்தான் மறுபடி திறந்தன.

அந்நாள்களில் மாணவர்க்குப் பொழுது மிகுந்தது. அப்பொழுதை வகுத்துத் தந்த கல்லூரி மணியோசை நின்றது. பெருமழை, நோய், நெடு விடுமுறை என மணியோசை நிற்கும் நாள்கள் இனியும் வரும். ஆதலின் அத்தகைய பொழுதைப் பயனுறக் கழிக்கும் வழிகளை இங்கு ஆராய்வோம்.

முன்னோர் காட்டிய நெறி

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர், அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு வெளியேறாதீர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையின் சாரம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவில் நோய் பரவியதை அறிந்து, வழியிலேயே மதீனாவிற்குத் திரும்பியதை வரலாறு கூறும். எனவே ஒதுங்கி இருத்தல் நம் மரபிற்கு அயலானதன்று.

ஒதுங்கி இருந்த காலத்தை ஆக்கப் பணிக்குப் பயன்படுத்தியோர்க்கு இப்னு கல்தூன் தக்க சான்றாவார். 1332இல் தூனிசு நகரில் பிறந்த அவர், இளமையில் பெருங்கொள்ளை நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். 1375இல் அரசியலினின்று விலகி, இன்றைய அல்சீரியாவிலுள்ள கல்அத் இப்னு சலாமா என்னும் கோட்டையில் ஏறத்தாழ நான்காண்டுகள் தங்கினார். வரலாற்றுத் துறையின் பெருநூலாகப் போற்றப்படும் 'முகத்திமா'வின் முதல் வடிவை அங்கேதான், 1377இல், ஐந்து திங்களில் எழுதி முடித்தார். பின்னர், பெருநகர நூலகங்களிலேயே கிடைக்கும் நூல்களைப் பார்த்துச் சரிசெய்யும் பொருட்டுத் தூனிசுக்குத் திரும்பினார்.

இதில் மாணவர் கருத வேண்டியவை இரண்டு. பல்லாண்டுகள் கண்டும் கற்றும் திரட்டியதையே அவர் தனிமையில் எழுத்தாக்கினார். தனிமையில் எழுதியதை இறுதியெனக் கொள்ளாது, நூலகத்தை நாடிச் சரிபார்த்தார். 1665இல் கேம்பிரிட்சு பல்கலைக்கழகம் கொள்ளைநோயால் மூடப்பட்டபோது ஊர் திரும்பிய நியூட்டனும், முந்தைய ஆண்டிலேயே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருந்த வினாக்களோடுதான் சென்றார். வினாவோடு இல்லம் புகுந்தவர்க்கே ஓய்வு விளைநிலமாகும்.

பொழுதைப் பகுத்தல்

உடல்நலத்தையும் ஓய்வையும் இறைவனின் அருட்கொடைகளாக எண்ணுமாறு நபிமொழி உணர்த்துகிறது. அக்கொடையைக் காக்கும் முதல் வழி பகுத்தலாகும். நாளை ஐந்தாகப் பகுக்கும் தொழுகை நேரங்கள் இசுலாமிய மாணவர்க்கு இயல்பாகவே வாய்த்த அட்டவணை. வைகறைத் தொழுகைக்குப் பின் கடினமான பாடம், நண்பகலுக்கு முன் எழுத்துப் பணி, மாலையில் உடற்பயிற்சி, இரவில் குடும்பத்தாருடன் உரையாடல் என அமைத்துக் கொள்ளலாம். பிற சமய மாணவரும் தத்தம் இல்லத்தின் உணவு வேளைகளையோ வழிபாட்டு வேளைகளையோ எல்லையாகக் கொள்ளலாம். கைப்பேசிக்கும் இத்தகைய ஓர் எல்லை வேண்டும்; எல்லையற்ற பொழுதை அது முற்றும் விழுங்கிவிடும்.

ஒரு நூலை முற்றக் கற்றல்

பருவத் தேர்வுக்கென நாம் பெருங்காப்பியங்களின் சில படலங்களை மட்டுமே பயில்கிறோம். நூல் முழுவதையும் கற்க நீண்ட பொழுது வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 செய்யுள்களைக் கொண்டது அது. நாளொன்றுக்கு 50 செய்யுள் வீதம் ஓதினால் 101 நாள்களில் நிறைவுறும். 25 செய்யுள் வீதம் ஓதினாலும் 202 நாள்கள் போதும். 2020இல் கல்லூரி மூடியிருந்த காலம் அதனினும் நெடிது.

ஓதும் முறையும் எளியதே. ஒருமுறை வாய்விட்டு ஓதுக. அருஞ்சொற்களைக் குறித்து உரையுடன் ஒப்பிடுக. அன்றைய பகுதியின் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக. நூலகம் மூடியிருந்தாலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி வழங்குகின்றன.

இல்லமே ஏட்டறை

எந்த நூலகத்திலும் கிடைக்காத செல்வம் ஒன்று இல்லத்திலேயே உண்டு. முதியோர் நினைவில் வாழும் தாலாட்டுகள், முனாஜாத்துகள், மாலைகள், கிஸ்ஸாக்கள், மசலாக்கள் ஆகியனவே அச்செல்வம். அரபுத் தமிழ் எழுத்தைத் தடையின்றிப் படிக்க வல்லோர் அருகி வருகின்றனர். குழம்பை 'ஆணம்' என்றும், காலை உணவை உண்பதைப் 'பசியாறுதல்' என்றும் வழங்கும் சொல்வளமும் இளையோர் நாவினின்று நழுவி வருகிறது.

பாட்டியார் பாடுவதை அவர்தம் இசைவுடன் பதிவு செய்து, நாள், ஊர், எவரிடம் கற்றார் என்பனவற்றைக் குறித்து, ஒலிப்பைத் திருத்தாமல் எழுதி வைத்தல் வேண்டும். முதுகலை ஆய்வேட்டிற்கு இதனினும் சிறந்த தொடக்கம் அரிது. கொள்ளைநோய் முதியோரையே மிகுதியாகக் கவர்ந்து சென்றது. அவர்களோடு பதிவாகாத பாடல்களும் மறைந்தன. இப்பணியில் காலந்தாழ்த்தல் ஆகாது.

யாவர்க்கும் ஒத்த பொழுதா?

ஓய்வு எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதையும் கருதுதல் வேண்டும். ஒரு கைப்பேசியை உடன்பிறந்தார் மூவர் பங்கிட்ட இல்லங்கள் உண்டு. தந்தையின் வருவாய் நின்றமையால் கூலிவேலைக்குச் சென்ற மாணவரும் உண்டு. மாணவியர் பலர்க்கு ஊரடங்கு அடுக்களைப் பணியையே பெருக்கிற்று. அண்ணன் இணையவழிப் பாடம் கேட்கத் தங்கை பாத்திரம் துலக்கும் இல்லத்தில், அண்ணனின் கல்வி நேரம் தங்கையிடமிருந்து பெற்ற கடனாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லப் பணிகளில் தாமே ஈடுபட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். வேலையைப் பகிர்ந்தால் இருவர்க்கும் படிக்கப் பொழுது கிட்டும்.

இல்லத்திற்கு அப்பாலும் கடமை உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில், உறவினரும் அணுக அஞ்சிய உடல்களைச் சமய வேறுபாடு பாராது நல்லடக்கம் செய்த தொண்டர்களுள் இசுலாமிய இளைஞர் பலர் இருந்தனர். அவர்கள் செலவிட்ட பொழுதும் கற்ற பொழுதேயாம்.

முடிவுரை

ஆகவே, நாளைப் பகுத்தலும், ஒரு நூலை முற்றக் கற்றலும், முதியோர் நினைவை ஏட்டில் ஏற்றலும், இல்லத்தார் சுமையைப் பகிர்தலும் மணியோசை நின்ற நாள்களில் மாணவர் மேற்கொள்ளத்தக்க வழிகளாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வினாவையும் ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்வாராக.