ஈடு என்று தேடினால் போதுமா?

திருவாய்மொழிப் பாசுரம் ஒன்றுக்கு நம்பிள்ளை அருளிய பொருளை அறிய விரும்பித் தேடுபொறியில் ‘ஈடு’ என்று மட்டும் இடுவோமாகில், அடமானமும் இழப்பீடும் முன்னே வந்து நிற்கும். ‘படி’ என்று இட்டாலோ மாடிப்படியும் அகவிலைப்படியும் வரும். வியாக்கியானங்களில் படி என்பது 32 எழுத்துகள் கொண்ட அளவு என்பதைத் தேடுபொறி தானாக அறியாது. ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பது அதன் அருகில் நிற்கும் சொல்லேயன்றோ?

ஆகையால் தனிச்சொல்லை விடுத்துச் சொற்றொடராகத் தேடுதல் நன்று. ‘திருவாய்மொழி ஈடு வடக்குத் திருவீதிப்பிள்ளை’ என்று இட்டால், இச்சொற்கள் சேர்ந்து வரும் பக்கங்கள் முன்னுரிமை பெறும். தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், சொற்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இடங்களே பெரும்பாலும் கிட்டும்.

ஆசிரியர் திருநாமத்தைச் சேர்ப்பது மிக அவசியம். திருவாய்மொழிக்கு ஈட்டையன்றிப் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான்பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரப்படி ஆகியனவும் உள்ளன. திருநாமமின்றித் தேடிக் கிடைத்ததை எடுத்தாண்டால், ஓர் ஆசாரியர் திருவாக்கை மற்றொருவருடையதாகச் சொல்லும் பிழை நேரும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேற்கோள் குறிக்குள் ஓரெழுத்து மாறினும் தேடல் பொய்த்துவிடும். ‘முப்பத்தாறாயிரப்படி’ என்று ஒரு பதிப்பிலும், ‘முப்பத்தாறாயிரப் படி’ என்று மற்றொன்றிலும், ‘36000 படி’ என்று வேறொன்றிலும் இருக்கக்கூடும். ‘வியாக்கியானம்’ என்பாரும் ‘வ்யாக்யானம்’ என்பாரும் உளர். பாசுரங்களையும் சிலர் சந்தி சேர்த்தும், சிலர் பதம் பிரித்தும் பதிப்பிப்பர். எனவே பாசுரத்தைத் தேடும்போது முழு அடியையும் இடாமல், புணர்ச்சியால் உருமாறாத இரண்டு மூன்று சொற்களைத் தேர்ந்து இடுவோம். பல பாசுரங்கள் ஒரே சொல்லால் தொடங்குவதால் முதற்சொல் மட்டும் போதாது.

முடிவுகள் மிகுந்தால் ஒரு சொல்லைக் கூட்டுவோம். குறைந்தால் மேற்கோள் குறியை நீக்குவோம். ஒன்றும் வாராவிடில் எழுத்து வடிவை மாற்றிப் பார்ப்போம். தேடலில் கிட்டாதது கொண்டு, பூர்வர்கள் அதற்கு உரை அருளவில்லை என்று துணிந்துவிடலாகாது. நாம் தேடிய சொல் வடிவில் அது இல்லை என்பதே அதனால் தேறும். கிட்டிய பகுதியையும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு, பெரியோரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பிறர்க்கு உரைப்போம்.