விஷயம் தெரியுமுன் கொடுத்த அடமானம்

கனடிய நடிகை சாரா எட்மண்ட்சன் 2005-இல் ஓர் ஐந்து நாள் சுயமுன்னேற்ற வகுப்பில் சேர்ந்தார். பிறகு நடந்ததெல்லாம் வழக்கமானதுதான்: பதவிக்கேற்ப நிறம் மாறும் தோள்பட்டைத் துணி, வான்கூவரில் ஒரு கிளை, ஓயாத ஆள்சேர்ப்பு. அந்த வகுப்பை நடத்தியது நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் இயங்கிய 'நெக்சியம்' அமைப்பு. அதில் கீத் ரனியரிதான் குரு. அவருடைய பிறந்தநாள் ஆண்டுதோறும் திருவிழாவாக நடந்தது.

சாரா மாட்டிக்கொண்டது 2017 தொடக்கத்தில். ரகசியப் பெண்கள் அணி ஒன்று இருக்கிறது, அது என்னவென்று சொல்வதற்கு முன்பே அடமானம் வேண்டும் என்றார் லாரன் சால்ஸ்மன். பணமோ நகையோ அல்ல. நிர்வாணப் படம், குடும்ப மானத்தை வாங்கும் வாக்குமூலம் போன்றவை. முன்பின் தெரியாதவர் கேட்டிருந்தால் சாரா கதவைச் சாத்தியிருப்பார். கேட்டவரோ நெருங்கிய தோழி, சாராவின் மகனுக்கு ஞானத்தாய். இத்தகைய இடங்களில் குருவைவிட இப்படிப்பட்ட தோழியிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

அடமானம் கொடுத்துச் சேர்ந்த சாராவுக்கு மார்ச் மாதம் இடுப்புக்குக் கீழே, மயக்க மருந்து இல்லாமல், சூட்டுக்கோலால் ஒரு குறி பொறித்தார்கள். நான்கு பூதங்களின் சின்னம் என்று சொல்லியிருந்தார்கள். அது ரனியரியின் பெயரெழுத்துகள்.

அந்த அடமானத்தின் முழு விலை வெளியேறிய பிறகே தெரிந்தது. புகார் கொடுத்தபோது, சம்மதித்துத்தானே செய்துகொண்டீர்கள் என்று மாநிலக் காவல் துறை கைவிரித்தது. படமும் வாக்குமூலமும் பிறர் கையில் இருக்கும்போது பிறக்கிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? 2017 அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' அவருடைய தழும்பின் படத்தோடு செய்தி வெளியிட்ட பிறகுதான் மத்திய விசாரணை சூடுபிடித்தது. 2020-இல் ரனியரிக்கு 120 ஆண்டு சிறை. அரசுத் தரப்புச் சாட்சியான லாரனுக்குச் சிறையே இல்லை. சாராவின் இடத்தில் இருந்தால் யாருக்கும் வயிறு எரியும்.

'உடனே வெளியே வா' என்ற அறிவுரை, சாராவைப் போலக் கணவரும் வேறு நாட்டில் வீடும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். அதே வழக்கில் சாட்சி சொன்ன ஒரு மெக்சிகோ பெண், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓர் அறையில் கிடந்தார். கதவு பூட்டப்படவில்லை. ஆனால் அமெரிக்காவில் தங்க அவரிடம் உரிய ஆவணம் இல்லை. வெளியே வந்ததும் அவரை எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். இப்படிப்பட்டவருக்கு முதலில் வேண்டியது துணிச்சல் அல்ல, குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர்.