நம்பை 2-க்கு மாறியதும் பைத்தான் மக்கர் பண்ணினால்

நம்பை 2.0 வெளியானது 2024 ஜூனில். நம்பை 1-ஐ வைத்து கம்பைல் செய்த மாட்யூல்கள் இதில் ஓடாது. அதனால் அப்கிரேட் செய்த கையோடு பாண்டாஸும் ஓபன்சிவியும் இம்போர்ட்டிலேயே படுத்துவிட்டன. பழைய ப்ராஜெக்ட்டைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு இன்றும் இதே தலைவலிதான்.

செய்ய வேண்டியவை

● எரர் செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். 'டிடைப்' அளவு 96 இருக்க வேண்டிய இடத்தில் 88 இருக்கிறது என்று புலம்பினால், கோளாறு நம்பையில் இல்லை. அதை நம்பியிருக்கும் பழைய நூலகத்தில்.

● எந்த நம்பை லோடு ஆகிறது என்று பாருங்கள். நம்பையை மட்டும் இம்போர்ட் செய்து, அதன் வெர்ஷனையும் கோப்புப் பாதையையும் பிரின்ட் செய்தால் போதும். ஹோம் டைரக்டரியின் 'லோக்கல்' ஃபோல்டருக்குள் என்றைக்கோ போட்ட ஒரு பிரதி ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கும். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

● வெறும் 'பிப்' என்று அடிக்காமல், 'பைத்தான் -எம் பிப்' என்று அடியுங்கள். எந்தப் பைத்தானை ஓட்டுகிறீர்களோ, அதற்குள்தான் இறங்கும்.

● பழைய விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஒட்டுப்போடுவதைவிட இது சீக்கிரம் முடியும். பாண்டாஸ் 2.2.2 முதல் நம்பை 2-உடன் ஒத்துப்போகிறது. அதற்கு முந்தையதுதான் வேண்டுமென்றால், நம்பையை 2-க்குக் கீழே கட்டிப்போடுங்கள், 1.26.4 நல்ல தேர்வு.

● முடிந்ததும் 'பிப் செக்' ஓட்டுங்கள். ஒன்றுக்கொன்று ஒவ்வாத வெர்ஷன்களைச் சொல்லும். கம்பைல் கோளாறைச் சொல்லாது.

செய்யக்கூடாதவை

● சூடோ போட்டு பிப்பை ஓட்டாதீர்கள். டெபியன் 12 முதல் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நுழைய முயன்றால் தடுத்துவிடும். அதை மீறும் ஆப்ஷனின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதைவிட வெளிப்படையாக யார் எச்சரிப்பார்கள்?

● ஓபன்சிவியின் சாதாரணப் பேக்கேஜையும் 'ஹெட்லெஸ்' பேக்கேஜையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில்தான் கோப்புகளைக் கொட்டும். ஒன்றை நீக்கினால் மற்றதும் ஊனமாகும். இரண்டையும் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள்.

● கோண்டாவில் போட்டதன்மேல் பிப்பால் அப்கிரேட் செய்யாதீர்கள்.

● என்விரான்மென்ட் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள். உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும்.

● சரியானதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். 'பிப் ஃப்ரீஸ்' கொடுக்கும் பட்டியலை அன்றே கிட்டில் ஏற்றுங்கள். வெர்ஷன் எண் இல்லாத ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.