மரை பிடிக்கணும், மரம் நசுங்கக் கூடாது

ஒரு ஏர் ரைஃபிளுக்குப் புதுக் கட்டை மாற்றினால், பழைய திருகுகளையே திருப்பிப் போடலாமா? "போடலாமே, என்ன இப்போ?" என்றுதான் நானும் நினைத்தேன். சேலையூரில் இருக்கும் நண்பன் வீட்டில் தாத்தா காலத்து பிரிட்டிஷ் ஏர் ரைஃபிள் ஒன்று உண்டு. கைப்பிடி இடத்தில் கட்டை விரிசல் விட்டிருந்தது. சிட்லபாக்கத்தில் ஒரு ஆசாரி தேக்கில் புதுக் கட்டை செய்து கொடுத்தார். அருமையான வேலை. கெடுத்தது நான்தான்.

முதலில் சட்டம். 4.5 மில்லிமீட்டர் துளைக்குள்ளும், 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. மற்ற துப்பாக்கிகள் கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, அவற்றைத் தொழிலாகப் பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்திருப்பீங்க, அதில் ஸ்க்ரூடிரைவர் வைக்கிற வேலை உங்களுடையது இல்லை. அதனால் இங்கே பேசுவது ஏர் ரைஃபிள் மட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் குண்டு உள்ளே இல்லை, ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இல்லை என்று ரெண்டு தடவை பாருங்க. கட்டையைப் பிடிக்கும் திருகுகளை மட்டும் கழற்றுங்க. ட்ரிகர் பக்கத்துப் பின்களையும் பின்மூடியையும் தொடாதீங்க. கட்டையைக் கழற்றிய பிறகும் மெயின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில்தான் இருக்கும்.

இனி என் தப்பு. முன்பக்கத் திருகின் தலைப்பள்ளம் தேய்ந்து, மரையும் மழுங்கிப் போயிருந்தது. தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் காட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ரெண்டு நூல் மாதிரி இருக்கு, ஆனா எம்6 போட்டுக்கோ தம்பி, சரியா வரும்" என்றார். (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எங்க பள்ளிக்கூடத்தில் இந்த அளவைச் சொல்லித் தரவே இல்லை, கடையில்தான் கற்றுக்கொண்டேன்.) எம்6 கையாலேயே முழுசா உள்ளே போச்சு. நல்லா பிடித்த மாதிரியும் இருந்தது. ரெண்டு வாரம் கழித்து இறுக்கிப் பார்த்தால் சும்மா சுற்றுது!

ஏன்? அது பி.எஸ்.எஃப். மரை, 1908-இல் வந்த பிரிட்டிஷ் நுண்மரைத் தரம். கால் அங்குல பி.எஸ்.எஃப்.பில் அங்குலத்துக்கு 26 மரை, அதாவது மரைக்கு மரை 0.977 மில்லிமீட்டர். எம்6-இல் 1 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு சுற்றுக்கு வெறும் 0.023. ஆறேழு சுற்று போனாலும் முட்டிக்கொள்ளாது. ஆனால் விட்டம் 6.35-க்குப் பதில் 6. மரையின் நுனிதான் நுனியைத் தொடுகிறது. மரைக் கோணமும் வேறு: பி.எஸ்.எஃப்.புக்கு 55 டிகிரி, மெட்ரிக்குக்கு 60. அந்த 55 டிகிரி 1841-இல் ஜோசஃப் விட்வொர்த் முன்வைத்தது. அவரே பின்னால் அறுகோணத் துளை வைத்த ஒரு ரைஃபிளும் வடிவமைத்தார், அது இன்னொரு கட்டுரைக்கான கதை. உள்ளே போகாத திருகைவிட, போய்விடுகிற தப்பான திருகுதான் ஆபத்து. முதலாவது உடனே சொல்லிவிடும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ரெண்டு அளவு எடுங்க. தேயாத இடத்தில் வெர்னியரால் விட்டம். பிறகு பிட்ச் கேஜ். அது இல்லையென்றால் ஓர் அங்குலத்துக்கு, அல்லது அரை அங்குலத்துக்கு, எத்தனை மரை என்று எண்ணுங்க. 10 மில்லிமீட்டருக்குள் எண்ணினால் 26-க்கும் மெட்ரிக்குக்கும் வித்தியாசமே தெரியாது. நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

அடுத்தது நீளம். பழைய கட்டையில் திருகுத் தலைக்கு அடியில் மரம் 11 மில்லிமீட்டர். திருகு 20. ஆக 9 மில்லிமீட்டர் இரும்பில் பிடித்திருந்தது. ஆசாரி பலத்துக்காகப் புதுக் கட்டையை 14 ஆக்கிவிட்டார், நான் 1 மில்லிமீட்டர் வாஷரும் போட்டேன். மிச்சம் 5 தான். இரும்புக்குள் இரும்பு பிடிக்க, குறைந்தது திருகின் விட்டம் அளவாவது மரை உள்ளே போக வேண்டும் என்பது நமக்கு மெஷின் டிசைனில் வந்த பழைய விதி. இங்கே 6.35 வேண்டும். 22 நீளம் போட்டால் 7 கிடைக்கும். துளையின் ஆழம் 9 என்பதால் கீழே 2 மில்லிமீட்டர் இடமும் இருக்கும். "எதுக்கும் 25 போட்டுடலாம்" என்று மட்டும் நினைக்காதீங்க. மரத்தை இறுக்கும் முன்னாலேயே முனை அடியில் முட்டும். துளை ஊடுருவிப் போகிற ரைஃபிளாக இருந்தால், உள்ளே நகர்கிற பாகத்தையே போய்த் தொடும்.

இப்போ எவ்வளவு இறுக்குவது? முறுக்கு விசை என்பது 0.2, இழுவிசை, விட்டம் மூன்றின் பெருக்கல். 10 சென்டிமீட்டர் சாவியின் நுனியில் 4 கிலோ அழுத்தம் கொடுத்தால் சுமார் 4 நியூட்டன் மீட்டர். ரொம்பச் சாதாரணமான அழுத்தம். கணக்குப் போட்டால் திருகில் 3,150 நியூட்டன், அதாவது 320 கிலோ எடை தொங்குகிற மாதிரி. 12 மில்லிமீட்டர் வாஷரின் அடியில் துளையைக் கழித்தால் சுமார் 80 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 39 நியூட்டன். நாருக்குக் குறுக்கே அவ்வளவைத் தேக்கும் தாங்காது, நசுங்கும். நசுங்கினால் திருகு தளரும். தளர்ந்தால் திரும்ப இறுக்குவோம், இன்னும் நசுங்கும். ஐப்பசி மழையில் மரம் ஊதுவதும் சித்திரையில் சுருங்குவதும் வேறு. வாஷர் இல்லாமல் சாய்ந்த தலைத் திருகைப் போட்டால் அது ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும்.

இதற்கு வழியை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம்ம ஊர் போலீஸ்காரர் தோளில் ரொம்ப நாள் தொங்கிய .303 லீ என்ஃபீல்டில், முன் திருகு போகும் இடத்தில் மரத்துக்குள் ஒரு சின்ன இரும்பு வளையம் இருக்கும். திருகை இறுக்கினால் சுமை இரும்பிலிருந்து இரும்புக்குப் போகும். மரம் இடத்தில் நின்றால் போதும், நசுங்க வேண்டியதில்லை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை இன்னும் ஒரு படி போய், கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகும் போட்டது. துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதை இன்றும் 'இஷாப்பூர் திருகு' என்றுதான் சொல்கிறார்கள்.

நாங்களும் அதையே செய்தோம். வெளி விட்டம் 10, உள் விட்டம் 6.5 உள்ள அலுமினியக் குழாய்த் துண்டை மரத்தின் தடிமன் அளவுக்கே அறுத்து, அரால்டைட் தடவித் துளைக்குள் இறக்கினோம். பசை இறுகியதும் ரெண்டு முனையையும் மரத்தோடு சமமாக அரத்தால் ராவினோம். திருகை ஒரு லேத் பட்டறையில் 22 நீளத்துக்குச் செய்து வாங்கினோம். துளையின் மேல் மரைகளை என் எம்6 கடித்திருந்தது, அவர் பி.எஸ்.எஃப். டாப் விட்டுச் சுத்தம் செய்தார். அடி மரைகள் நல்லா இருந்தது எங்க அதிர்ஷ்டம். "யாருப்பா இதுல மெட்ரிக் விட்டது?" என்று கேட்டார். நண்பன் என்னைக் கைகாட்டினான்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னுமாக ரெண்டு தடவை உதைக்கும் என்பதால், எந்தத் திருகும் தானாகத் தளரப் பார்க்கும். நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டி வரும், பக்கத்தில் மரம். மரையில் எண்ணெய் விடாதீங்க. கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாகிறது, மிச்சமெல்லாம் உராய்வுக்கே போகும். எண்ணெய் பட்டால் அந்தக் கணக்கு மாறி, அதே முறுக்கில் திருகு அதிகமாக இழுபடும்.

கட்டை தளர்ந்தால் குறி ஏன் தவறுகிறது என்று கேட்பீங்க. சைட் பேரலோடுதானே நகர்கிறது? சரிதான். ஆனால் குண்டு வெளியே வரும் முன்பே பிஸ்டன் ஓடி, துப்பாக்கி அசையத் தொடங்கிவிடும். கட்டை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பிடித்தால் அசைவும் வேறு மாதிரி இருக்கும். 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது அந்தப் பொட்டைக் குறிவைத்துத்தான்.

முதல் 20 சுடுதலுக்குப் பிறகு திருகுகளை ஒரு தடவை சோதித்தோம். முன் திருகு அசையவில்லை. பின் திருகு கால் சுற்று போச்சு. அதற்கும் குழாய் போட வேண்டும், அடுத்த ஞாயிறு உட்காரப் போகிறோம்.