கோடம்பாக்கத்து வீடுகளும் குளிர்ச்சியின் செலவும்

கோபுரம் கட்டக் கருதுவோன் முதலில் அமர்ந்து அதற்காகும் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமை லூக்கா சுவிசேஷத்தில் உள்ளது. நம் கல்லூரி ஆலயத்தில் அதனைக் கேளாதார் இலர். ஆயினும் அவ்வுவமையிற் கூறப்படும் கணக்குக் கட்டடம் முடிவதோடு நின்றுவிடுகின்றது. முடிந்த கட்டடத்துள் மக்கள் இருந்து வாழ்வதற்கு ஆண்டுதோறும் ஆகுஞ் செலவோ வேறொரு கணக்கு. வெப்பத்தையும் குளிரையும் ஆளுங் கருவிகளைப் பொறுத்தவரையில் இப்பிற்கணக்கே பெரியது. யானை வாங்கும் பணத்தினும் அதனைக் கட்டித் தீனி போடும் பணம் மிகுதி என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனைச் சென்னைக் கோடம்பாக்கத்து வீடொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, இரு சொற்களை வரையறை செய்துகொள்வோம். ஒரு பொறியின் விலை, அதனைச் சுவரிற் பொருத்துங் கூலி, செப்புக் குழாய், தனி மின்கம்பி, முதலுக்குரிய வட்டி, தேய்மானம் ஆகியன உடைமைச் செலவு. மின்கட்டணம், துப்புரவு, வாயு நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியன நடத்துஞ் செலவு. உடைமைச் செலவு கடையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரியும். நடத்துஞ் செலவு இரு திங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வருதலின், அதனைக் கூட்டிப் பார்ப்போர் சிலரே.

வெப்பமூட்டுதலைப் பற்றிச் சென்னையில் அதிகம் பேச வேண்டுவதில்லை. உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் கணப்பு வேண்டும். இங்கோ மார்கழி விடியலில் ஒரு வாளி வெந்நீர் போதும். 20 லிட்டர் நீரை 15 பாகை சூடேற்ற ஏறத்தாழ மூன்றிலொரு யூனிட் மின்சாரம் செல்லும். அதனோடு அவ்விஷயம் முடிந்தது. குளிர்ச்சியே நமக்கு அரிய பண்டம். கோடம்பாக்கத்துக்கு அண்டையிலுள்ள நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003ஆம் ஆண்டு மே 31இல் வெப்பம் 45 பாகையை எட்டியது. கடற்காற்று காலந் தாழ்த்தி வரும் நாட்களில் அவ்வட்டாரம் எவ்வாறு கொதிக்கும் என்பதை அங்கு வாழ்ந்தோர்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டா.

பண்டை நாளிற் குளிர்ச்சி தேடினோர் பங்காவையும் வெட்டிவேர்த் தட்டியையும் நம்பினர். பங்காவின் உடைமைச் செலவு ஒரு மரச்சட்டமும் துணியும் கயிறுமே. அதனை இரவெல்லாம் இழுக்கும் ஏழையின் கூலியே நடத்துஞ் செலவு. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அந்நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். வறண்ட மேல்காற்று வீசும் உள்நாட்டூர்களில் இது நன்கு பயன்படும். கடற்காற்றில் ஈரம் நிறைந்துள்ள சென்னையிலோ நீர் ஆவியாக இடமின்மையால் பயன் குன்றும். இக்காலத்து ஏர் கூலர் என்பதும் அத்தட்டியின் பேரனே. விலையும் மின்செலவும் குறைவென்று அதனை வாங்கி, அறை முழுதும் புழுக்கத்தைப் பெருக்கிக்கொண்டோர் பலர்.

அடுத்து வந்தது பனிக்கட்டி. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த நீரை வெட்டி, மரத்தூளிற் பொதிந்து, கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர்ச் சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்க எழுந்ததே ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதும், இன்று அவர் பெயரால் வழங்குவதும் அக்கட்டடமே. நீராவிப் பொறியால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அவ்வாணிகம் மாய்ந்தது. ஆனால் அதன் அளவு மாயவில்லை. ‘ஒன்றரை டன் ஏ.ஸி.’ என்று கடைக்காரர் கூறும்போது பலர் அதனைப் பொறியின் எடை என எண்ணுகின்றனர். ஒரு டன், அதாவது 2,000 இராத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகுங்கால் எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ அவ்வளவை ஈர்க்கும் ஆற்றலே ஒரு டன். மின்னளவையில் அது சுமார் 3.5 கிலோவாட். எனவே ஒன்றரை டன் பொறி இடைவிடாது முழு ஆற்றலில் ஓடினால், நாளொன்றுக்கு 1,360 கிலோ பனிக்கட்டி உருகும் வேலையைச் செய்வதாகும்.

இவ்வளவையைக் கொண்டு கோடம்பாக்கத்துக்குப் புகழ் தந்த தொழிலை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஏ.வி.எம்., வாகினி முதலிய படப்பிடிப்பு நிலையங்களால் அவ்வட்டாரம் பெயர் பெற்றது. பேசும் படத்துக்குரிய தளம் ஓசை புகாதபடி அடைத்த கூடம். ஒலிப்பதிவு நடக்கையில் மின்விசிறியும் சுழலலாகாது. விளக்கிற் புகும் மின்சாரமோ இறுதியில் ஏறத்தாழ முழுதும் வெப்பமாகவே முடியும். இரண்டு கிலோவாட் விளக்குகள் பத்து எரிந்தால், அவ்வெப்பத்தை வெளியேற்ற மட்டும் ஐந்தே முக்கால் டன் குளிர்ச்சி வேண்டும். அஃதாவது ஒளிக்கு ஒருமுறை பணங்கொடுத்தவர், அவ்வொளியின் வெப்பத்தை அகற்ற மறுமுறையும் கொடுத்தல் வேண்டும். எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் இவ்விரட்டைச் செலவு பெரிதும் குறைந்தது. வீட்டுக்கும் இது பொருந்தும். அறைக்குள் விடும் ஒவ்வொரு வாட் வெப்பமும் நடத்துஞ் செலவில் ஏறும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கோடம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டார் இரு திங்களில் 400 யூனிட் செலவிடுகின்றனர் எனக் கொள்க. மாசி பங்குனிக்குப் பின் எட்டுத் திங்கள், இரவொன்றுக்கு எட்டு மணி நேரம், ஒன்றரை டன் பொறியை ஓட்டுகின்றனர். இரு பொறிகளுள் ஒன்றை அவர்கள் தேர வேண்டும். முதலது ரூ. 36,000, மணிக்குச் சராசரி 0.65 யூனிட் உண்ணும். இரண்டாவது ரூ. 46,000, மணிக்கு 0.50 யூனிட் உண்ணும். இத்தொகைகள் கணக்கின் பொருட்டு நாம் கொண்டவை. தத்தம் கடை விலையை இட்டு மாணவர் மீண்டும் செய்து பார்க்கலாம்.

ஈண்டுப் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலை 1 முதல் வகுக்கப்பட்ட வீதப்படி, இரு திங்களில் 500 யூனிட்டைக் கடந்தோர்க்கு 401 முதல் 500 வரை யூனிட் ரூ. 6.45, 600 வரை ரூ. 8.55; 800 வரை ரூ. 9.65, அதன் மேலும் ஏறும். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து ‘யூனிட் ஐந்து ரூபாய்தானே’ என்று மகிழ்வது பிழை. விளக்கும் விசிறியும் குளிர்பெட்டியும் கீழ்ப்படிகளில் முன்னரே அமர்ந்துவிட்டன; கடைசியில் வந்த ஏ.ஸி. மேற்படிகளில்தான் அமரும்.

முதற்பொறி 60 இரவுகளில் 312 யூனிட் உண்ணும். அவற்றுள் முதல் நூற்றுக்கு ரூ. 645, அடுத்த நூற்றுக்கு ரூ. 855, எஞ்சிய 112க்கு ரூ. 1,081, ஆகக் கூடுதல் ரூ. 2,581. இரண்டாவது பொறி 240 யூனிட், கூடுதல் ரூ. 1,886. ஆண்டில் நான்கு பட்டியல்கள். எனவே முதற்பொறிக்கு ஆண்டுக்கு ரூ. 10,323, இரண்டாவதற்கு ரூ. 7,544. கட்டண வீதம் மாறாதெனக் கொண்டால், பத்தாண்டில் முதற்பொறியின் மின்செலவு ஒரு லட்சத்து மூவாயிரத்தைத் தாண்டும். அதன் விலையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. விலையும் மின்செலவும் சேர, மலிவான பொறிக்கு ரூ. 1,39,232, விலையுயர்ந்த பொறிக்கு ரூ. 1,21,440. மிச்சமாகும் 72 யூனிட்டும் மிகவுயர்ந்த படியினின்று கழிதலே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

ஆயினும் பொருளாதார வகுப்பு மாணவர் இங்கே தடை எழுப்புவர், எழுப்புதலும் தகும். பத்தாம் ஆண்டில் மிச்சமாகும் ரூபாய் இன்றைய ரூபாய்க்கு நிகராகாது. நூற்றுக்கு 8 வட்டி எனக் கொண்டு பத்தாண்டு மிச்சத்தையும் இன்றைய மதிப்பாக்கினால், ஆண்டுக்கு ரூ. 2,779 என்பது ரூ. 18,647 ஆகும். அதிகம் கொடுத்த பத்தாயிரத்தைக் கழித்தால் நிகர ஆதாயம் ரூ. 8,647. ஆனால் அப்பத்தாயிரத்தை நூற்றுக்கு 25 வட்டிக்குக் கடன்பட்டு வாங்குவோர்க்கு அம்மிச்சத்தின் இன்றைய மதிப்பு ரூ. 9,922 மட்டுமே, ஆதாயம் மறைந்துபோம். ஏழை மலிந்த பொறியை வாங்குவது அறியாமையால் என்று கூறுவோர் இவ்வரியை மறுமுறை படிப்பாராக. கைம்முதல் இல்லாதவர்க்கு மலிவே சில வேளை சரியான கணக்காகவும் இருத்தல் கூடும்.

பொறியின் திறனை அறிய ஸ்டார் முத்திரை உதவும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2010 முதல் அறைக் குளிர்ப்பொறிகளுக்கு அம்முத்திரையைக் கட்டாயமாக்கியது. அதில் அச்சிடப்படும் ஆண்டு மின்செலவு 1,600 மணி நேரத்துக்கு உரியது. நாம் மேலே கொண்ட சென்னை வழக்கமோ 1,920 மணி. ஆதலின் முத்திரைத் தொகையை ஐந்திலொரு பங்கு ஏற்றிக் கொள்க. அன்றியும் அளவுகோல் காலந்தோறும் கடுமையாக்கப்படுதலின், பழைய ஐந்து ஸ்டாரும் புதிய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல.

பெருங்கட்டடங்களின் கணக்கில் மற்றொரு பண்டம் சேரும், அதுவே தண்ணீர். வாகினி நிலத்தில் இன்று மருத்துவமனையும் பேரங்காடியும் நிற்கின்றன. இத்தகைய கட்டடங்களுக்கு ஏற்ற மையக் குளிர்நிலையங்கள் இருவகை. நீரால் வெப்பத்தை அகற்றும் வகை மின்சாரத்தைக் குறைவாக உண்ணும். ஆயின் டன் ஒன்றுக்கு மணிக்கு ஆறு லிட்டர் அளவு நீர் ஆவியாகிப்போம். 100 டன் நிலையம் பத்து மணி ஓடினால் 6,000 லிட்டர். உப்பேறிய நீரைக் கழித்து விடுவது இதற்கு மேல். 2019 கோடையிற் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீரின் விலையையும் நடத்துஞ் செலவில் எழுதாதவர் பிழைபட்டனர். காற்றால் வெப்பத்தை அகற்றும் வகைக்கு நீர் வேண்டா, மின்சாரம் கூடும்.

இதுகாறும் பொறியைப் பற்றியே பேசினோம். கோடம்பாக்கத்துத் துன்பத்தின் பெரும்பகுதி பொறியில் இல்லை, கூரையில் உள்ளது. சினிமாவில் வாய்ப்புத் தேடி வரும் இளைஞரும், வெளியூர் மாணவரும், புதுக்குடித்தனக்காரரும் வாடகை குறைவென்று நாடுவது மொட்டை மாடியை அடுத்த மேல்தள வீடுகளையே. பழைய சென்னை மாடிகளில் மரவிட்டங்களின்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கனமாக இட்டு, தட்டோடு பதிப்பர். இன்றைய கான்கிரீட் தளம் மெல்லியது; வெறும் சிமெண்டுப் பூச்சோடு விட்டால், நண்பகலில் உண்ட வெயிலை மாலையில் அறைக்குள் உமிழும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கூரை வழியே இறங்கும் வெப்பம் உச்சவேளையில் ஒரு கிலோவாட்டை நெருங்கலாம். குளிர்ப்பொறி இரவின் முற்பகுதி முழுதும் அக்கூரையோடு போராடும்.

வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த புதுக்கூரை வெயிலிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கரைதலின் ஆண்டுதோறும் அடித்தல் வேண்டும்; வெள்ளைத் தட்டோடு பதித்தால் முதற்செலவு கூடும், பின்செலவு குறையும். எவ்வகையாயினும் அதனைச் செய்தற்குரியவர் வீட்டின் உரிமையாளர். பயன் பெறுவோரோ குடியிருப்பவர். கூரைக்குச் செலவிட்டால் உரிமையாளருக்கு ஒரு காசும் திரும்பாது. செலவிடாவிட்டால் குடியிருப்பவர் மாதந்தோறும் மின்கட்டணமாக அதனைச் செலுத்துவார். ஓர் ஆண்டே தங்கப்போகின்றவர் பிறர் கூரைக்குத் தம் பணத்தை இடவும் மாட்டார். இருவரும் தத்தம் கணக்கிற் சரியாகவே நடந்தும், இருவர் கணக்கையும் கூட்டினால் நட்டமே மிஞ்சுகின்றது. இதனை யாரும் தீமை செய்ததால் விளைந்தது என்று நாம் கருதவில்லை. செலவைத் தேர்வோர் ஒருவரும் செலுத்துவோர் மற்றொருவருமாக இருப்பதன் விளைவே இது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், குடிக்கூலி உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டுமென்கிறது. அவ்வேட்டில் வர்ணம் பூசுவதும் குழாய் பழுதும் எழுதப்படுகின்றன. கூரைக்கு வெள்ளையடிப்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கத் தடை யாது? உரிமையாளர் வெள்ளையடிக்க, குடியிருப்பவர் அதற்காக வாடகையிற் சிறு தொகை ஏற்றுக்கொள்ளுதல் இருவர்க்கும் ஆதாயமே. அத்தொகையைப் பேசி முடிவு செய்ய ஓர் அளவு வேண்டும். அதனை மாணவரே வீட்டில் எடுக்கலாம். ஏ.ஸி.யை 24 பாகையில் வைத்து, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைக் குறிக்க. மறுநாள் 27 பாகையில் வைத்து, மின்விசிறியையும் சுழலவிட்டு அவ்வாறே குறிக்க. கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்குமுன் ஏழு இரவும் அடித்தபின் ஏழு இரவும், பொறியை ஒரே பாகையில் வைத்து, அன்றன்றைய நகர வெப்பத்தோடு சேர்த்து எழுதிவைக்க. குளிர்பெட்டி முதலியன எல்லா இரவும் ஒருபடியாக ஓடுதலின், எஞ்சிய வேற்றுமை கூரையினுடையது. யூனிட் வேற்றுமையைத் தம் பட்டியலின் கடைசிப் படியின் வீதத்தாற் பெருக்கினால், உரிமையாளரிடம் கொண்டு செல்லவேண்டிய தொகை கிடைக்கும்.