நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதன் அளவும்

நோய்க்கிருமிக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்துவிட்டால் சிகிச்சையின் பெரும்பகுதி முடிந்தது என்று எண்ணுவோர் பலர். மருந்து பொருத்தமானதாயினும், அளவு குறைந்தால் கிருமிகள் எஞ்சும். அவற்றுள் மருந்துக்கு அடங்காதவை பெருகும். அளவு மிகுந்தால் நோயாளியின் உறுப்புகள் கேடுறும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் ஆற்றிய நோபெல் உரையிலேயே குறைந்த அளவினால் வரும் இத்தீங்கைச் சுட்டிக் காட்டினார்.

இம்மருந்துகளுள் பல சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. ஆகவே அளவைக் கணிக்குமுன் சிறுநீரகத்தின் திறனை அறிதல் வேண்டும். இதற்கு 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்னும் இருவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் வழக்கிலுள்ளது: 140இலிருந்து வயதைக் கழித்து, வந்ததைக் கிலோகிராம் எடையால் பெருக்கி, இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை 72ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். பெண்களாயின் விடையை 0.85ஆல் பெருக்குதல் வேண்டும்.

மைசூரின் ஹெப்பாள் பகுதியில் வாழும் 70 வயது முதியவர் ஒருவர் கடும் தொற்றுடன் மருத்துவமனைக்கு வருகிறார் எனக் கொள்வோம். எடை 50 கிலோ. கிரியேட்டினின் 2 மில்லிகிராம். 70 × 50 = 3500; இதனை 144ஆல் வகுத்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 24 மில்லிலிட்டர். அவருடன் வந்த மகனுக்கு வயது 30, எடை 60, கிரியேட்டினின் 1 எனில் விடை 92 ஆகும். மெரோபெனெம் மருந்து மகனுக்குத் தேவைப்பட்டால் 8 மணிக்கொருமுறை 1 கிராம் தருவர். தந்தைக்கோ 12 மணிக்கொருமுறை அரை கிராம் போதும். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கே.

எனினும் தந்தையின் முதல் ஊசியைக் குறைக்கலாகாது. உடலில் மருந்து நிரம்பவேண்டிய நேரம் அது; குறைப்பதெல்லாம் பின்வரும் ஊசிகளில்தான். மேலும், கிரியேட்டினின் நாளுக்குநாள் மாறிக்கொண்டிருந்தால் இக்கணக்கு நம்மை ஏமாற்றும், மறுபடி பார்க்கவேண்டும்.

மருந்துக்கு மருந்து இயல்பும் வேறு. மெரோபெனெம், பெனிசிலின் போன்றவை இரத்தத்தில் போதிய அளவில் நெடுநேரம் நின்றால் நன்கு வேலை செய்யும். ஆகவே பகுத்துத் தருவர். அமிக்காசின் உச்ச அளவு உயர்ந்தால் சிறக்கும். அதைப் பெரும்பாலும் ஒரேமுறையாகத் தருவர். பிந்தியதில் அளவு தவறினால் செவித்திறன் போய்விடும் அபாயமுண்டு.

நோயாளிகள் நிறைந்த பகுதியில் மருத்துவர் ஒருவரே இவ்வளவையும் ஒவ்வொருவருக்கும் கணித்தல் அரிது. ஆகவே மருந்தாளுநர், தொற்றுநோய் மருத்துவர், கிருமி ஆய்வாளர் ஆகியோர் கூடிய கண்காணிப்புக் குழுக்கள் அமைந்தன. மருந்தாளுநர் நோயாளியின் ஏட்டைப் பார்த்து, அளவு பொருந்தாவிடில் மருத்துவரிடம் கூறுவார்; முடிவு மருத்துவருடையது. மைசூர் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி, மருந்தாளுநரை நோயாளியின் படுக்கையருகே பயிற்றும் முதுநிலைப் படிப்பை 1990களின் பிற்பாதியில் தொடங்கிய முன்னோடிகளுள் ஒன்று. 2008இல் ஆறாண்டு ‘பார்ம் டி’ படிப்பு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

கணக்கறிந்தவர் இருந்தும், எடை குறிக்கப்படாத ஏடு அவரைக் கைகட்டி நிற்கவைக்கும். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் களப்பணியாளர், வயது, எடை, கடைசியாகத் தந்த மருந்து, அதன் அளவு, தந்த நேரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதியனுப்புக. ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கில் கிரியேட்டினினை மட்டும் 1, 2, 4 என மாற்றி மாணவர் விடை காணச் செய்யலாம்.