கோடரியும் பதினைந்து நாளும்



அன்ஸாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து உதவி கேட்டார். அவர் வீட்டில் ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே இருந்தன. நாயகம் அவர்கள் அவற்றை 2 திர்ஹத்துக்கு ஏலம் போட்டு, ஒன்றுக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். தம் திருக்கரத்தாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும் 15 நாள் தம் கண்ணில் பட வேண்டாமென்றும் அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினாரென்று ஹதீஸில் வருகிறது.

இதிலே நமக்குள்ள பாடம் இரண்டு. ஏழைக்குத் தொழிற்கருவி வேண்டும். அதைக் கையாளக் காலமும் வேண்டும்.

சிங்கப்பூரில் கருவியை அரசாங்கம் தருகிறது. படிப்புக் குறைந்த தொழிலாளருக்கு ஆங்கிலமும் கணக்கும் போதிக்கும் ‘பெஸ்ட்’ வகுப்புகள் 1983ல் தொடங்கின. பின்னர் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2024 மே முதல் 40 வயது நிறைந்தோர்க்கு, குறிப்பிட்ட பயிற்சிகளுக்காக மேலும் 4,000 வெள்ளி உண்டு. குறைந்த சம்பளம் பெறும் 30 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு, வேலைநலன் திறன் ஆதரவுத் திட்டத்தின்கீழ்க் கட்டணத்தில் 100க்கு 95 வரை சலுகை கிடைக்கும்.

இதில் நம் பணமும் இருக்கிறது. 1979ல் ஏற்பட்ட திறன் மேம்பாட்டு வரியை ஒவ்வொரு முதலாளியும் மாதந்தோறும் சேமநிதிக் கழகத்தில் கட்டுகிறோம். 2,000 வெள்ளிச் சம்பளத்துக்கு 5 வெள்ளி. கட்டிய பணத்தின் பலன் நம் சிப்பந்திக்குச் சேர வேண்டாமா?

சேராததற்குக் காரணம் காலமின்மை. சிராங்கூன் ரோட்டில் காலையில் கடை திறந்து இரவில் பூட்டும்வரை நிற்பவர் எப்போது வகுப்புக்குப் போவார்? அந்தக் காலத்தை அரசாங்கம் தர முடியாது. முதலாளிதான் தர வேண்டும். வகுப்பில் இருக்கும் நேரத்துச் சம்பளத்தில் ஒரு பங்கை முதலாளிக்கே ஈடு செய்யும் ஏற்பாடும் உண்டு. விசாரித்துப் பெற்றுக்கொள்க.

“படித்தால் வேறு இடம் போய்விடுவானே!” என்பர் சிலர். ரிஸ்க் அளப்பவன் அல்லாஹ். கணினியில் சரக்குக் கணக்கு வைக்கத் தெரியாதவர் நம்மிடமே தங்கிவிட்டால் கடைக்கு என்ன லாபம்?

ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்தவருக்கும் நாம் வரி கட்டுகிறோம். ஆனால் மேற்சொன்ன 500, 4,000 வெள்ளி அவருக்கில்லை. அவருக்குப் பேரேடும் கடை ஆங்கிலமும் கற்பிப்பது நம் பொறுப்பு.

ஓர் எச்சரிக்கை. பயிற்சிப் பணத்தைக் காசாக்கித் தருவோமென்று வருவோரிடம் சிங்பாஸ் விவரத்தைக் கொடுக்காதீர்கள். 2017ல் பொய்க் கோரிக்கைகளால் ஏறக்குறைய 4 கோடி வெள்ளி மோசடி நடந்தது. பொதுப்பணம் அமானிதம்.

ஆகவே சகோதரர்களே, இம்மாதமே உங்கள் கடையில் ஒருவரை அழைத்து, என்ன கற்க விரும்புகிறாரென்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதாவது விட்டுக்கொடுங்கள். நம் தொழிலிலும் நம்மை நம்பி உழைப்போர் வாழ்விலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.